பொருளாதாரத் தடைகளைப் படித்தால் வேலை உண்டா?

மகள் பொருளாதாரத் தடைகள் பற்றி முதுகலை படிக்கப் போகிறேன் என்கிறாள், சர்வாதிகாரிகளை நேர்மையான தேர்தலுக்குப் பணிய வைக்க வேண்டும் என்கிறாள், இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க ஆள் இருக்கிறது. பெரும்பாலும் வங்கிகள்தான்.

தடை உத்தரவைப் போடுவது அரசாங்கம். அதை அன்றாடம் அமல்படுத்துவது வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் கப்பல் நிறுவனமும். ஒரு பணப் பரிமாற்றம் வருகிறது. அனுப்பும் கம்பெனியின் பெயர் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அதன் பங்குகளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பட்டியலில் உள்ளவர்கள் கையில் இருந்தால், அமெரிக்க விதிப்படி அந்தக் கம்பெனியின் சொத்தும் முடக்கப்பட்டதுதான். யார் கையில் எவ்வளவு பங்கு என்று காகிதத்துக்குப் பின்னால் போய்த் தேடுவதுதான் கம்ப்ளையன்ஸ் பிரிவின், அதாவது நிறுவனம் விதிகளை மீறாமல் பார்த்துக்கொள்ளும் பிரிவின், வேலை. ஆரம்பத்தில் சலிப்பாக இருக்கும். பெயர் ஒற்றுமையால் மாட்டியவர்களை விடுவிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஆனாலும் இந்தத் துறையில் கால் ஊன்ற இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அவளுடைய லட்சியத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அங்கே இருந்த நிறவெறி ஆட்சிக்கு எதிராக, 1986இல் அதிபர் ரீகனின் வீட்டோவை மீறி அமெரிக்க நாடாளுமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 1994இல் எல்லோரும் வாக்களித்த தேர்தல் நடந்தது. நடுவில் உள்நாட்டுப் போராட்டம் எவ்வளவு, தடை எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். பெலாரஸில் முறைகேடு என்று குற்றம்சாட்டப்பட்ட 2020 தேர்தலுக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியம் அடுக்கடுக்காகத் தடை போட்டது. அதிபர் லுகஷென்கோ ரஷ்யா பக்கம் இன்னும் சாய்ந்துகொண்டார், 2025 ஜனவரியில் மறுபடியும் வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

அவளிடம் வெனிசுலாவைக் கொடுத்துப் பாருங்கள். 2023 அக்டோபரில் பார்படோஸில் அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் தேர்தல் உடன்பாடு ஏற்பட்டது. மறுநாளே அமெரிக்கக் கருவூலத் துறை, தடையில் இருந்த வெனிசுலாவின் எண்ணெய், எரிவாயு வர்த்தகத்தை அனுமதிக்கும் 44ஆம் எண் பொது உரிமத்தை வழங்கியது. ஆறு மாதத்துக்கு மட்டும். சொன்னபடி நடந்தால் நீட்டிப்பு, இல்லையென்றால் ரத்து. 2024 ஜனவரியில் எதிர்க்கட்சியின் மரியா கொரினா மச்சாடோ போட்டியிட இருந்த தடையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஏப்ரலில் உரிமம் நீட்டிக்கப்படவில்லை. கணக்கை முடித்துக்கொள்ள மே 31 வரை அவகாசம், அவ்வளவுதான். ஜூலையில் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிவாரியான முடிவுகளை வெளியிடாமலே, அப்போது அதிபராக இருந்த மதுரோ வென்றதாக அறிவித்தார்கள்.

உரிமத்தை நீட்டிக்காமல் விட்டது சரியா என்று அவளைக் கேளுங்கள். "சரி", "தப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் இன்னும் கொஞ்சம் படிக்கட்டும். எந்த நிபந்தனை மீறப்பட்டது, ஆறு மாதம் போதுமா, ஆட்சியை இழந்தால் சிறை என்று பயப்படுகிற ஒருவருக்கு எண்ணெய்ப் பணம் ஒரு பொருட்டா என்று அவளே கேட்க ஆரம்பித்தால், தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்.

படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது வெறும் கோட்பாடு மட்டும் உள்ள பாடத்திட்டம் வேண்டாம். சர்வதேசச் சட்டம், புள்ளியியல், நிறுவனக் கணக்கைப் படிக்கும் திறமை மூன்றும் இருக்கட்டும். அப்புறம் ஒரு மொழி: ஸ்பானிஷ், ரஷ்யன், பாரசீகம், எதுவானாலும். பங்குதாரர் பதிவேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தடைகள் மீறப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் ஐ.நா. நிபுணர் குழுதான் கனவு என்றால், அங்கே அனுபவசாலிகளைத்தான் எடுப்பார்கள். படித்து முடித்ததும் கிடைக்காது. வங்கி பிடிக்கவில்லை என்றால் நிவாரண அமைப்புகள் உண்டு. மனிதாபிமான உதவிக்கு ஐ.நா. தடைகளில் விலக்கு அளித்து 2022 டிசம்பரில் பாதுகாப்பு கவுன்சில் 2664ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகும், வம்பு எதற்கு என்று மருந்துக்கான பணத்தைக்கூட வங்கிகள் நிறுத்திவைப்பது உண்டு. அந்தப் பணத்தை நகர்த்தத் தெரிந்த ஆள் அங்கே தேவை. அந்த வேலைக்கும் வங்கியில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டுப் போவது நல்லது.