கேமிங் லேப்டாப்: ஸ்டிக்கரை நம்பலாமா?

கே: தம்பி காலேஜில் அனிமேஷன் படிக்கிறான், கேமும் ஆடுவான். 'ஆர்டிஎக்ஸ் 5090' என்ற கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். டெஸ்க்டாப்பில் இருக்கிற அதே கார்டுதான் இதிலும் என்கிறானே, உண்மையா?
– வாசகி, திருச்சி

ப: பெயர் மட்டும்தான் அதே, உள்ளே இருக்கும் சிப் வேறு. டெஸ்க்டாப் 5090-இல் 21,760 கோர் (கணக்குப் போடும் குட்டி அலகுகள்), 32 ஜிபி மெமரி, அது 575 வாட் வரை இழுக்கும். லேப்டாப் 5090-இல் 10,496 கோர், 24 ஜிபி. ஒரு படி கீழே உள்ள டெஸ்க்டாப் 5080-இல் இருக்கிற சிப்பின் உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்டுகளின் கம்பெனியான என்விடியா இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிட்டு, கடைசியில் 'லேப்டாப் ஜிபியூ' (ஜிபியூ என்றால் கிராஃபிக்ஸ் சிப்) என்று ஒரு வாலை ஒட்டுகிறது, விளம்பரத்தில் அந்த வால் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. எனக்குப் பிடிக்காத வியாபாரம் இது.

அதைவிட முக்கியமான சங்கதி, ஒரே 5090 எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் ஓடாது. அதற்கு 95 வாட் கொடுப்பதா, 150 வாட் கொடுப்பதா என்பதை லேப்டாப் கம்பெனிதான் முடிவு செய்கிறது, அதற்கு மேல் புராசஸருக்கு வேலை குறைவாக இருக்கும்போது அதன் பங்கிலிருந்து 25 வாட் வரை கார்டுக்குத் திருப்பிவிடலாம். ஒல்லியான பாடியில் வாட்டைக் குறைத்து வைத்த 5090-ஐ, தடிமனான பாடியில் முழு வாட்டில் ஓடும் 5080 நெருங்கி வந்துவிடும். ஸ்டிக்கரில் வாட் இருக்காது. கடையில் டெமோ மெஷின் இருந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, இடப்பக்கம் கீழே இருக்கும் சிஸ்டம் இன்ஃபர்மேஷனை அழுத்தச் சொல்லுங்கள். 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்று ஒரு வரி வரும், பேரம் அதைப் பார்த்த பிறகு.

தம்பி நிஜமாகவே பெரிய காட்சிகளை ரெண்டர் செய்கிறான் (அனிமேஷனை முழுப் படமாக்குகிறான்) என்றால் 24 ஜிபி உதவும். கேம்தான் முக்கியம் என்றால் 16 ஜிபி உள்ள 5080 போதும், மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் ஒன்று வாங்கிவிடலாம்.

கே: அப்படியானால் ஒல்லி லேப்டாப் எல்லாமே ஏமாற்றா?
– வாசகர், கோவை

ப: இல்லை, உடம்புக்கு ஏற்ற கார்டாக இருந்தால் சரி. 2024-இல் வந்த ஆசுஸ் செஃபிரஸ் ஜி14-ஐப் பாருங்கள்: ஒன்றரைக் கிலோ, அலுமினிய பாடி, 2880×1800 ஓஎல்இடி திரை, உச்சமாக முந்தைய தலைமுறை 4070 கார்டு. அந்தக் கார்டுக்குக் கொடுத்தது 90 வாட்தான், ஆனால் லேப்டாப் 4070 எப்படியும் 100 வாட்டைத் தாண்டினால் பெரிதாக வேகம் எடுப்பதில்லை, அதனால் நஷ்டம் கொஞ்சம்தான். கணக்குப் போட்டுச் செய்த டிசைன்! எனக்குக் குறையாகப் படுவது ராம், முழுவதையும் போர்டிலேயே சால்டர் செய்துவிட்டார்கள் (முந்தைய வருட மாடலில் ஒரு ஸ்லாட்டாவது இருந்தது). 16 ஜிபியில் வாங்கினால் கடைசி வரை 16 தான், வாங்கும்போதே 32 எடுத்துவிடுங்கள்.

கே: ஏசி இல்லாத அறை, மே மாதம். ஃபேன் சத்தம் ஜெட் விமானம் மாதிரி இருக்கிறது. லேப்டாப் பழுதா?
– வாசகர், வேலூர்

ப: பெரும்பாலும் பழுதில்லை. ஃபேன் உள்ளே இழுப்பது உங்கள் அறைக் காற்றைத்தான், அறை 38 டிகிரி என்றால் குளிர்விக்கும் வேலையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த டெஸ்ட் வீடியோவோடு ஒப்பிட்டு மனசைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். மெத்தைமேல் வைத்தால் அடிப்பக்கத் துளைகள் மூடிக்கொள்ளும், மேசையில் பின்பக்கத்தை ஒரு இன்ச் தூக்கி வையுங்கள். வருடம் ஒருமுறை தூசி தட்டுவதும் அவசியம். அப்புறம் வேகத்தை உச்சத்தில் வைக்கும் டர்போ மோடை விட்டு நடு மோடுக்கு வந்து பாருங்கள், வேகம் கொஞ்சம் குறையும், சத்தம் நன்றாகவே குறையும்.

புதிதாக வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். வலப்பக்கம் வெப்பக் காற்று வெளியே வரும் துளை இருந்தால் மவுஸ் பிடிக்கும் கை வேகும், பின்னால் தள்ளும் டிசைனே நல்லது.

கே: பேட்டரியில் எவ்வளவு நேரம் ஆடலாம்?
– வாசகர், மதுரை

ப: ஆட வேண்டாம். நூறு வாட்-ஹவருக்கு மேல் பேட்டரி இருந்தால் விமானத்தில் தனி அனுமதி வேண்டும், அதனால் பெரிய மாடல்களில்கூட 99.9-இல் நிறுத்திவிடுகிறார்கள். கார்டு மட்டும் நூறு வாட் குடித்தால் ஒரு மணி நேரத்தில் காலி. போதாக்குறைக்கு, பிளக்கைப் பிடுங்கியதும் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. டைப்-சி சார்ஜர், படிக்கவும் எழுதவும் சரி. கேமுக்கு அந்தக் கனமான அடாப்டரையும் பையில் தூக்கத்தான் வேண்டும், எடை பார்க்கும்போது அதையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள்.

கே: பதினாறு இன்ச்சில் 4கே திரை எடுக்கலாமா?
– வாசகர், சேலம்

ப: வேண்டாம். 4கே என்றால் இந்த அளவில் வழக்கமாக வரும் 2560×1600 திரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிக்சல், கார்டுக்கு அத்தனை வேலை. அந்தச் சின்னத் திரையில் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரிந்தால் எழுதுங்கள்.