குறைந்த செலவில் வெளிநாட்டில் பொருளாதாரம், வணிகவியல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜெர்மனியில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் எம்.எஸ்சி. முடித்து இங்கேயே வேலை பார்க்கிறேன். ஜெர்மனி நன்றாகத் தெரியும். இத்தாலியும் ஆஸ்திரியாவும் ஓரளவு. அமெரிக்கா, கனடா பற்றி அங்கே படித்தவர்களிடம் கேளுங்கள். நம் குழுவில் வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கோவை, பி.காம். இறுதியாண்டு: அக்கா, ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது என்கிறார்கள். எனக்கு 72 சதவீதம். எம்.எஸ்சி. எகனாமிக்ஸ் கிடைக்குமா?

ஃபீஸைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் உங்கள் மார்க் ஷீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

72 சதவீதத்தை இங்கே எப்படி மாற்றுவார்கள் என்றால், 100-இல் 72 போக 28. 100-இல் தேர்ச்சி மதிப்பெண் 40 போக 60. 28-ஐ 60-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.4. இங்கே எண் குறையக் குறைய நல்லது. பல துறைகள் 2.5-க்குள் கேட்கும். ஆக, மதிப்பெண்ணில் தப்பித்தீர்கள்.

இடிப்பது பாடங்களில்தான். பைனான்சியல் அக்கவுன்டிங், கார்ப்பரேட் அக்கவுன்டிங், காஸ்ட் அக்கவுன்டிங், கம்பெனிச் சட்டம், வருமான வரி, தணிக்கை, ஒரு பிசினஸ் எகனாமிக்ஸ் பேப்பர், ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர். நம் பி.காம். பெரும்பாலும் இவ்வளவுதான். இங்கே எம்.எஸ்சி. எகனாமிக்ஸுக்கு மைக்ரோ, மேக்ரோ, கணிதம், புள்ளியியல், எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடம்) ஒவ்வொன்றிலும் இத்தனை ஈசிடிஎஸ் கிரெடிட் (ஐரோப்பாவில் பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி) இருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருப்பார்கள். எகனாமெட்ரிக்ஸ் படிக்காதவரை 90 சதவீதம் இருந்தாலும் கழித்துவிடுவார்கள். ஆன்லைன் சான்றிதழ் அந்த ஓட்டையை அடைக்காது.

உங்களுக்கு மேனேஜ்மென்ட், அக்கவுன்டிங், பைனான்ஸ் பக்கம்தான் வழி. எகனாமிக்ஸ்தான் வேண்டுமென்றால் இந்தியாவில் ஒரு நல்ல இடத்தில் எம்.ஏ. எகனாமிக்ஸ் முடித்துவிட்டு வாருங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. எதற்கு விண்ணப்பித்தாலும் பல்கலைக்கழக முத்திரையோடு முழு சிலபஸையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை விட்டு வெளியே வந்தபின் அதற்காக அலைவது பெரிய பாடு.

மதுரை, ஒரு தந்தை: மகள் பி.ஏ. எகனாமிக்ஸ். மொத்தம் எவ்வளவு ஆகும் அம்மா? இடத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஐயா, உடனே வைக்காதீர்கள். கணக்கைப் பாருங்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. செமஸ்டர் பங்களிப்பு என்று 100 முதல் 350 யூரோ வரை கட்டினால் போதும். பல ஊர்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கும். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு. மன்ஹைம், ஹைடல்பெர்க், டூபிங்கன் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் கொண்டுவந்துவிட்டது. முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ.

பெரிய தொகை பிளாக்டு அக்கவுன்ட், அதாவது செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு. ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ. யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இந்தப் பணம் எங்கும் போகாது. மாதம் 992 யூரோவாக மகள் கைக்கே வரும். ஆனால் புறப்படும் முன் மொத்தமாக இருக்க வேண்டும், இரண்டாம் வருடத்துக்கும் வழி காட்ட வேண்டும். நம் படிப்புச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய். விசாவுக்கு 75 யூரோ. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30.

ஊரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மியூனிக் வாடகையில் அந்த 992 யூரோ கரைந்துவிடும். ஜெனா, மாக்டபர்க் போன்ற கிழக்கு ஜெர்மனி ஊர்களில் வாடகை குறைவு, ஆங்கிலவழிப் பொருளாதார முதுகலையும் உண்டு. பி.ஏ. எகனாமிக்ஸ் படித்த பெண்ணுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊர்களைத்தான்.

யாழ்ப்பாணம்: அக்கா, எங்களுக்கும் ஏபிஎஸ் வேணுமோ?

வேண்டாம் தம்பி. அது இந்தியா, சீனா, வியட்நாம் மாணவர்களுக்கு. பிளாக்டு அக்கவுன்ட் உங்களுக்கும் உண்டு.

சேலம்: ஐஇஎல்டிஎஸ் இல்லாமல் போகலாமா?

சில துறைகள் ஆங்கிலவழியில் படித்த சான்றிதழை ஏற்கும், பல ஏற்காது. எழுதிவிடுங்கள்.

திருநெல்வேலி: இத்தாலியில் படிக்கவும் காசு வேண்டாம், அவர்களே காசும் தருவார்கள் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அங்கே அரசுப் பல்கலைக்கழகக் கட்டணமே குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அதுபோக டிஎஸ்யூ என்று மாநில உதவித்தொகை உண்டு. கிடைத்தால் கட்டணம் தள்ளுபடி, கையில் பணமும் வரும். வருமான வரம்பு நம் ஊர் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு எட்டக்கூடியதுதான். பொலோன்யா, பாதுவா, டூரின் மூன்றிலும் ஆங்கிலத்தில் பொருளாதாரம் படிக்கலாம்.

உழைப்பு காகிதத்தில் இருக்கிறது. வருமானச் சான்று, சொத்து, வங்கி இருப்பு எல்லாவற்றுக்கும் அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று), இத்தாலிய மொழிபெயர்ப்பு, அதை வைத்து அங்கே வருமானக் கணக்குச் சான்றிதழ். முதல் தவணை நீங்கள் போய்ப் பல மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை வாடகைக்குக் கையில் பணம் வேண்டும். சில மாநிலங்களில் தகுதிப் பட்டியலில் பெயர் வந்தும் நிதி இல்லை என்பார்கள். முதல் வருடம் குறிப்பிட்ட கிரெடிட் எடுக்காவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். உதவித்தொகை வராவிட்டாலும் சமாளிக்க முடியும் என்றால் மட்டும் போங்கள்.

திருச்சி: நீங்கள் ஜெர்மனியையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். லண்டனில் ஒரே வருடத்தில் முடித்துவிடலாம். ஒரு வருடச் சம்பளம் மிச்சம். அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே?

சேர்க்கிறேன். அங்கே கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக 35 லட்சம் கடன் என்று வைப்போம். வட்டி 11 சதவீதம். வருடத்துக்கு 3,85,000; மாதம் 32,000 வட்டி மட்டும். அசலில் ஒரு ரூபாய் குறையாது. வேலை கிடைத்தால் அடைத்துவிடலாம். கிடைக்காமல் ஊர் திரும்பினால், சென்னையில் தொடக்கச் சம்பளம் வாங்கும் ஒருவர் அதை எப்படிக் கட்டுவார்?

திருச்சி: வேலை கிடைக்காது என்று ஏன் முடிவு கட்டுகிறீர்கள்? படிப்பு முடிந்து இரண்டு வருடம் தங்கி வேலை தேடலாம். ஜெர்மனியில் இரண்டு வருடம் என்று போனவர்கள் மூன்று வருடம் இழுக்கிறார்கள், மொழியும் தெரியாமல் கிடங்கில் பெட்டி தூக்குகிறார்கள்.

கடைசிப் பாதி சரி, மறுக்க மாட்டேன். நான்கு செமஸ்டர் படிப்பை ஐந்து, ஆறாக்குவது இங்கே சகஜம். மொழி இல்லாமல் வணிகம், பொருளாதாரம் படித்தவருக்கு வேலை கிடைப்பது மிகக் கடினம். கணினி படித்தவர்கள் ஆங்கிலத்தோடு தப்பிக்கலாம். நமக்கு எழுதுவதும் பேசுவதும்தான் வேலை. பி2 நிலை ஜெர்மன் (ஏ1-இல் தொடங்கும் மொழி நிலைகளில் நான்காவது) இல்லாமல் விண்ணப்பம் மேசையை விட்டு நகராது. ஊரிலேயே இரண்டாம் நிலையான ஏ2 வரை முடித்துவிட்டு வாருங்கள் என்று கேட்பவர் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகிறது. அதன்பின் தொடர ஒரு நிறுவனம் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கான பொதுக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2025 ஜூலையில் 41,700 பவுண்டு ஆனது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு 33,400. அந்தச் சம்பளம் தர எத்தனை நிறுவனம் முன்வரும் என்பதுதான் கேள்வி. ஜெர்மனியிலும் படிப்பு முடிந்து 18 மாதம் தேடலாம். தோற்றாலும் தலையில் 35 லட்சம் இருக்காது.

திருச்சி: லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் கிடைத்தால்?

அப்படியானால் கணக்கே வேறு. கடன் வாங்கியாவது போங்கள் என்பேன். நான் பேசுவது பெயர் கேள்விப்படாத பல்கலைக்கழகத்தில் 35 லட்சம் போடுவதைப் பற்றி.

ஈரோடு: மொத்தம் எவ்வளவு ஆகும்?

மதுரைத் தந்தைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

திண்டிவனம்: நாங்கள் ஆதிதிராவிடர். அப்பா கூலி வேலை. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா அக்கா?

உண்டு, இதை யாரும் உங்களிடம் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் முதுகலை, முனைவர் படிப்புக்கு ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டிலும் பல்கலைக்கழகத் தரவரிசை பார்ப்பார்கள், அதனால் இடத்தை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று இன்றே எடுத்து வையுங்கள். உங்கள் மார்க் ஷீட்டைக் குழுவில் போடுங்கள், நானே உட்கார்ந்து பார்க்கிறேன்.

நாகர்கோவில்: பிளஸ் டூ முடித்ததும் இளங்கலைக்கே வரலாமா?

அரசுப் பல்கலைக்கழகத்தில் இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில். நம் பிளஸ் டூ மட்டும் பொதுவாகப் போதாது. ஊரில் இளங்கலை முடியுங்கள்.

சென்னை: நார்வே இலவசமாமே?

2023-இலிருந்து இல்லை. பழைய காணொளிகளை நம்பாதீர்கள். ஆஸ்திரியாவைப் பாருங்கள், அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகச் செமஸ்டருக்கு 726.72 யூரோதான்.

வேலூர்: கன்சல்டன்சியில் மூன்றே நாளில் பெர்லினில் சீட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். வருடம் 11,000 யூரோ. அவர்களுக்கு ஃபீஸ் கூட வேண்டாம் என்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். அது தனியார் கல்லூரி. உங்களிடம் ஃபீஸ் வாங்காதவர் கல்லூரியிடம் கமிஷன் வாங்குகிறார். அரசுப் பல்கலைக்கழகம் கமிஷன் தராது, அதனால் அவர் வாயிலிருந்து அதன் பெயர் வராது. ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இணையதளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளைத் தேடி, ஒவ்வொன்றின் சேர்க்கை விதியையும் நீங்களே படியுங்கள்.

ஈரோடு: அதே கன்சல்டன்சி பிளாக்டு அக்கவுன்டுக்குப் பணம் "அரேஞ்ச்" செய்கிறேன் என்கிறது. செய்யலாமா?

கூடாது. அந்த 992 யூரோவை வைத்துத்தான் மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டும். கடன் கொடுத்த வட்டிக்காரர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அக்டோபரில் எதை வைத்து வாடகை கொடுப்பீர்கள்? வருடத்துக்கு 140 முழுநாள்தான் வேலை செய்ய அனுமதி. வந்து இறங்கிய வாரமே வேலையும் கிடைக்காது.

கரூர்: இன்ஷூரன்ஸ் எது மலிவு?

மலிவைத் தேடாதீர்கள். 30 வயதுக்குள் என்றால் அரசு மாணவர் காப்பீட்டிலேயே சேருங்கள். தொடக்கத்தில் விலக்கு வாங்கித் தனியார் காப்பீட்டுக்குப் போனால், படிப்பு முடியும்வரை திரும்ப வர முடியாது.

தஞ்சாவூர்: மொத்தம் எவ்வளவு ஆகும் அக்கா?

மதுரை பதில். இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன். மார்க் ஷீட்டும் சிலபஸும் வைத்திருப்பவர்கள் பாடப் பட்டியலோடு கேளுங்கள், அதற்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.