தாழ்தளப் பேருந்தில் அந்த இடம் யாருக்கு? கேள்வி பதில்

சென்னையின் தாழ்தளப் பேருந்து பற்றியும், அதில் வீல்சேருக்கென்று விட்டிருக்கும் இடம் பற்றியும் தனித்தனியாகக் கேட்டவர்களுக்கு எல்லாம் இங்கேயே மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நான் வீல்சேரில் போகிறவள். கட்டடம், பஸ், ரயில் இதிலெல்லாம் எங்களைப் போன்றவர்கள் ஏறி இறங்க முடிகிறதா என்று பார்த்து அறிக்கை எழுதுவதுதான் தொழில். பாஸ், உதவித்தொகை, அடையாள அட்டை என் துறை இல்லை, அதைக் கேட்காதீர்கள்.

அடையாறுவாசி: அம்மாவுக்கு வீல்சேர். தாழ்தள பஸ்ஸில் உண்மையிலேயே ஏற்ற முடியுமா அக்கா?

முடியும். பழைய பஸ்ஸில் தரையே இடுப்பு உயரத்துக்கு இருக்கும், ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். 2024 ஆகஸ்டில் வந்த தாழ்தள பஸ்களிலும், 2025 ஜூனில் வியாசர்பாடி டெப்போவிலிருந்து விட்ட மின்சார பஸ்களிலும் தரை சுமார் 40 சென்டிமீட்டர்தான். டிரைவர் பொத்தானை அழுத்தினால் கதவுப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாயும். நடுக் கதவில் மடித்து வைத்த பலகை இருக்கும், கண்டக்டர் அதைக் கையால் விரித்துப் போடுவார்.

பஸ் எங்கே நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நடைமேடையை ஒட்டி நின்றால் 15 சென்டிமீட்டர் உயரம் அங்கேயே கழிந்துவிடும், ஏற்றம் லேசாக இருக்கும். நடுரோட்டில் நிறுத்தினால் பலகையின் நீளம் அதேதான், ஏற வேண்டிய உயரம் மட்டும் கூடிவிடும், கிட்டத்தட்ட சறுக்குமரம் மாதிரி ஆகிவிடும். கட்டடத்துச் சாய்தளத்துக்கு 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம்தான் கணக்கு. பஸ் பலகையில் அது நடக்காது, அதனால் பின்னால் ஒருவர் பிடித்தே ஆக வேண்டும். ஏறும்போது முகம் பஸ்ஸைப் பார்க்கட்டும். இறங்கும்போது பின்பக்கமாக இறக்குங்கள், இல்லையென்றால் அம்மா முன்னால் சரிவார்.

நாற்காலியின் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள். சாய்வில் ஏறும்போது பையின் கனம் நாற்காலியைப் பின்னால் கவிழ்த்துவிடும். பையை மடியில் வையுங்கள்.

போரூர்க்காரன்: எந்த ரூட்டில் ஓடுகிறது?

‘சென்னை பஸ்’ செயலியில் பாருங்கள். வண்டிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், நான் எழுதி வைத்தால் பொய்யாகிவிடும்.

கைக்குழந்தை அம்மா: ஸ்ட்ரோலரை மடிக்காமல் வீல்சேர் இடத்தில் வைக்கலாமா?

காலியாக இருந்தால் தாராளமாக. பிரேக் போட்டு, குழந்தைக்கு வார் மாட்டி, ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். வீல்சேர் ஏறினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மடித்துவிடுங்கள். ஸ்ட்ரோலரிலும் கைப்பிடியில் பை மாட்டக் கூடாது, அதே காரணம்தான்.

இரட்டைக் குழந்தை அம்மா: அது எப்படி? ஒரு கையில் ஒன்று, இன்னொரு கையில் ஒன்று, மடிப்பது யார்? எப்போதும் வீல்சேருக்கே முன்னுரிமை என்றால் நாங்கள் மனுஷர் இல்லையா?

நியாயமான கோபம். ஆனால் ஸ்ட்ரோலரை யாராவது ஒருவர் மடித்துத் தரலாம், ஒரு குழந்தையைப் பக்கத்து சீட்டுப் பாட்டி வாங்கிக்கொள்வார், இந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. என் நாற்காலியை மடித்தால் நான் எங்கே உட்காருவேன்? மடிக்க முடிந்தவர் மடிக்கட்டும், அவ்வளவுதான் என் விதி.

போரூர்க்காரன்: முதலில் வந்தவருக்குத்தான் இடம். வீல்சேர் அடுத்த பஸ்ஸில் வரட்டுமே.

தம்பி, அடுத்த பஸ் தாழ்தளமாக இருக்கும் என்று யார் சொன்னது? உங்களுக்கு அடுத்த பஸ் பத்து நிமிடம். எனக்கு அது வெயிலில் முக்கால் மணி நேரமாகவும் இருக்கும், சில நாள் ஆட்டோவாகவும் முடியும்.

இந்தச் சண்டை இங்கிலாந்தில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2012இல் டக் பாலி என்பவர் வெதர்பி என்ற ஊரிலிருந்து லீட்ஸ் போக பஸ் ஏற வந்தார். வீல்சேர் இடத்தில் தூங்குகிற குழந்தையோடு ஒரு ஸ்ட்ரோலர். மடிக்க வராது என்று தாய் நகர மறுத்துவிட்டார், பாலி ஏற முடியவில்லை. 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: டிரைவர் ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, மறுப்பது நியாயமில்லை என்று தோன்றினால் அழுத்திச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் சில நிமிடம் பஸ்ஸை நிறுத்தியும் வைக்கலாம். ஆனால் ஆளை இறக்கிவிடச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஜெயித்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்!

இரட்டைக் குழந்தை அம்மா: அது லண்டன் கதை. இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

லண்டன் இல்லை, லீட்ஸ். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 போக்குவரத்தில் நாங்கள் ஏறி இறங்க வசதி வேண்டும் என்கிறது. பஸ்களில் வீல்சேரைப் பூட்டி நிறுத்த ஏற்பாடு வேண்டும் என்று 2020 மார்ச் 1 முதல் மோட்டார் வாகன விதியும் இருக்கிறது. அதாவது இடம் உண்டு. அதில் நிற்பவரை நகர்த்துவது கண்டக்டரின் வாய் சாமர்த்தியம்.

உங்களோடு சண்டை போட எனக்கு மனசும் இல்லை. நான் பார்த்தவரை அந்த இடத்தில் ஸ்ட்ரோலர் நிற்பது அபூர்வம். அடைத்துக்கொண்டு நிற்பவை பூ மூட்டை, காய்கறி மூட்டை, பள்ளிக்கூடப் பைகள், அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே என் தடுப்புக் கம்பியில் சாய்ந்திருக்கும் திடகாத்திரமான இளைஞர்கள். பஸ் வெளியே தெரிகிற வீல்சேர் படம் அவர்களுக்கு உள்ளே தெரிவதில்லை. நாம் இருவரும் சேர்ந்து அவர்களைத்தான் நகர்த்த வேண்டும்.

கிண்டி ஐடி: சைக்கிள் ஏற்றலாமா?

மடக்குச் சைக்கிளாக இருந்தால் மடக்கிப் பையில் போட்டு, கூட்டம் இல்லாத நேரத்தில், கண்டக்டரைக் கேட்டுவிட்டு. முழுச் சைக்கிளை அந்த இடத்தில் சாய்த்து வைக்கும் யோசனையே வேண்டாம், சங்கிலி எண்ணெய் என் துணியில்தான் படும். பெங்களூரில் 2020இல் சில பஸ்களின் முன்புறம் சைக்கிள் மாட்டும் தாங்கி வைத்துப் பார்த்தார்கள். உள்ளே இடத்தைப் பிடிக்காத வழி அது ஒன்றுதான். மெட்ரோவுக்கு நிலையத்தில் கேளுங்கள்.

தாம்பரம் தம்பி: நியோபோல்ட் வைத்திருக்கிறேன். அதோடு ஏறலாமா?

ஐஐடி மெட்ராஸில் உருவானதுதானே, வீல்சேரின் முன்னால் மாட்டுகிற மோட்டார் வண்டி. கழற்றிவிட்டு ஏறுங்கள். மாட்டியபடி உள்ளே திரும்பவே முடியாது. பையை... சரி, உங்களுக்கே தெரியும்.

பெரம்பூர் ரவுண்டானா: மேடம், எந்த ரூட்டில் தாழ்தள பஸ்?

மேலே.

மடிப்பாக்கம் மாமா: லிஸ்ட் இருந்தால் போடுங்களேன்.

லிஸ்ட் இல்லை. செயலி. மேலே. இதற்குமேல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

அடையாறுவாசி: டிரைவர் பார்த்தும் நிறுத்தாமல் போனால் என்ன செய்வது அக்கா?

எனக்கும் நடந்திருக்கிறது. ஓடிப்போய்த் திட்ட நம்மால் முடியாது, எழுதித்தான் மாட்ட வேண்டும். வண்டி எண், தடம், ஸ்டாப்பிங், எந்தத் திசை, மணி நிமிடம் ஐந்தையும் குறித்துக்கொண்டு 149 என்ற பஸ் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாமல் போனை வைக்காதீர்கள். ‘சாயங்காலம் ஒரு பச்சை பஸ்’ என்று சொன்னால் யாரையும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள்.