பட்டுக் காலுறை போட்ட சிறுவன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் 'ஒற்றைக்கால் மாலுமி சிந்து' கதைப்பாடலை என் பத்து வயது மகனுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். கப்பலை மடக்கும் இடத்தில் கட்டிலை விட்டே இறங்கிவிட்டான். நடுவில் பங்கு பிரிக்கும் பகுதி வந்ததும் கொட்டாவி விட்டான், நானும்தான். சண்டை குறைவு. கைதியைப் பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவது இல்லை. புதையல் வரைபடமும் இல்லை. அதையெல்லாம் விடுங்கள். அந்தச் சிறுவன் தானாகவே விரும்பிக் கொள்ளையரோடு போகிறான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கடத்திக்கொண்டு போனார்கள் என்றிருந்தால் சரி. கடைசியில் அவன் பட்டுக் காலுறையோடு பாய்மரத்தில் ஏறுவதோடு முடித்துவிட்டீர்கள். 'அப்புறம் எப்போ வீட்டுக்கு வந்தான்?' என்று மகன் நச்சரிக்கிறான். 'மரம் ஏறுறவனுக்குப் பட்டுக் காலுறை எதுக்கு?' என்றும் கேட்டான். நான் என்ன சொல்லட்டும்? அவனை வீட்டுக்குக் கொண்டுவந்து விடக் கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நம்ப மறுக்கும் அந்த இடம்தான் பாட்டில் என் கற்பனை மிகக் குறைவாக உள்ள இடம்.

1716 நவம்பரில் கரீபியன் கடலில் 'பொனெட்டா' என்ற கப்பலை சாம் பெல்லமியின் கொள்ளையர்கள் பிடித்துப் பல நாள் தங்கள் வசம் வைத்திருந்தார்கள். அதில் ஜான் கிங் என்ற சிறுவன் தாயோடு பயணம் செய்துகொண்டிருந்தான். யாரும் அவனை இழுத்துப் போகவில்லை. நானும் உங்களோடு வருவேன் என்று அவனே அடம்பிடித்தான். தடுத்தால் உயிரை விட்டுவிடுவேன் என்றான். பெற்ற தாயையே மிரட்டினான். இதைப் பிற்பாடு வாக்குமூலமாகக் கொடுத்தவர் பொனெட்டாவின் தலைவர் அபைஜா சாவேஜ். கொள்ளை கொடுத்த மனிதர், கொள்ளையருக்குப் பரிந்து பேசவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

1717 தொடக்கத்தில் பெல்லமியின் கும்பல் 'விடா' என்ற பெரிய கப்பலைப் பிடித்தது. அடிமைகளை ஜமைக்காவில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தோடு திரும்பிக்கொண்டிருந்த கப்பல் அது. (பறித்தவன், பறிகொடுத்தவன் – இதில் யாருக்காகப் பரிதாபப்படுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.) அந்த ஏப்ரலிலேயே வட அமெரிக்காவின் கேப் காட் கரையோரம் புயலில் சிக்கிக் கவிழ்ந்தது. கப்பலில் இருந்தவர்கள் நூற்று நாற்பதுக்கும் மேல், பிழைத்தவர்கள் இரண்டே பேர். அந்த இருவரில் ஜான் கிங் இல்லை.

1984-இல் அந்தக் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். அள்ளிவந்த பொருள்களில் ஒரு சின்னக் கால் எலும்பும், ஒரு செருப்பும், ஒரு பட்டுக் காலுறையும் இருந்தன. அது எட்டிலிருந்து பதினோரு வயதுக்குள் இருந்த குழந்தையின் எலும்பு என்று தெரிய இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. ஜான் கிங்கினுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. உங்கள் மகன் கேட்ட காலுறை அதுதான். வசதியான வீட்டுப் பையன். பசிக்காகவோ அடிக்குப் பயந்தோ ஓடியிருந்தால் எழுதுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும். இவனுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை, போக வேண்டும் என்று தோன்றியது, போனான். அவனைக் கடத்தப்பட்டவனாக மாற்றினால் பாட்டு ஒரு மீட்புக் கதையாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டாலும் அதேதான். அதனால் மாட்டேன்.

பங்கு பிரிக்கும் பகுதியையும் வெட்ட மாட்டேன். பாட்டைச் சொல்கிறவன் ஒற்றைக்கால்காரன், சந்தம் நொண்டிச்சிந்து. பழைய நொண்டி நாடகங்களை நினைத்துப் பாருங்கள். குதிரை திருடப் போய் அகப்பட்டுக் கால் வெட்டுப்பட்டவன் தன் கதையைத் தானே பாடுவான், முடிவில் தெய்வ அருளால் கால் வளர்ந்துவிடும். கொள்ளையனின் வாயால் கொள்ளைக் கதை சொல்ல இதைவிடப் பொருத்தமான சந்தம் எனக்குக் கிடைக்கவில்லை. என் மாலுமிக்குக் கால் வளராது, பணம்தான் கிடைக்கும். கரீபியன் கொள்ளையரோடு மருத்துவனாகத் திரிந்த எக்ஸ்குமெலின் 1678-இல் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. வலது கை போனால் 600 வெள்ளிக் காசு, இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. கொள்ளையைப் பங்கு போடுவதற்கு முன்பே இதை எடுத்து வைத்துவிட வேண்டும்.

காலுக்கு நானூறு காசு – எண்ணிக்
கையிலே தந்துவிட்டான் கணக்கனடா!
பாலுக்கு அழுகிற வயதில் – ஒரு
பையன்வந் தேறினான் கப்பலிலே.

இந்த நாலு வரியையும் அடுத்தடுத்து வைக்கத்தான் அத்தனை கணக்கும். காலை விற்ற காசை எண்ணிக்கொண்டிருக்கிறவன் கண் முன்னால், இரண்டு காலும் முழுசாக உள்ள ஒருவன் ஆசையோடு ஏறி வருகிறான். ஏறாதே என்று அவன் சொல்லவில்லை. காசு எண்ணுகிற கவனத்தில் விட்டுவிட்டான். உங்களுக்குக் கொட்டாவி வந்தது அந்த இடத்தில்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. சத்தமாகப் படிக்கும்போது எண்களைச் சற்று வேகமாக ஓட்டிப் பாருங்கள், சரியாகிவிடும்.

சண்டை குறைவு என்பது உண்மை. கொடியைக் காட்டிப் பயமுறுத்தியே சரணடைய வைப்பதுதான் கொள்ளையருக்கு லாபம். குண்டு பட்டு ஓட்டையான கப்பலை வைத்து அவர்கள் என்ன செய்வது? பலகையில் நடக்கவிடுவதும் புதையல் வரைபடமும் பெரும்பாலும் கதைப் புத்தகங்கள் வளர்த்துவிட்டவை. பிறர் எழுதியதில் நிறைய இருக்கிறது என்பதால் விட்டுவிட்டேன்.

மகனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் வீட்டுக்கு வரவில்லை என்றே சொல்லுங்கள். புயலைச் சொல்லலாம், எலும்பையும் காலுறையையும் சொல்லலாம், பத்து வயதில் இதெல்லாம் பிடிக்கும். தாயை மிரட்டிய இடத்தைச் சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் உங்கள் பாடு.