ஏப்ரலில் பியாஸ் குண்ட்: எத்தனை மணிக்குக் கிளம்புவது?

கேள்வி: ஏப்ரல் கடைசியில் நண்பர்கள் ஐந்து பேர் மணாலியிலிருந்து பியாஸ் குண்ட் ஏரிக்கு நடக்கப் போகிறோம். "குளிர்காலம் முடிந்துவிட்டது, பனிச்சரிவு பயமில்லை. முகாமில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பலாம்" என்கிறார் ஏற்பாட்டாளர். நம்பலாமா?

பதில்: அந்த ஒன்பது மணிதான் எனக்கு இடிக்கிறது. ஏரி சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரலில் அங்கே இன்னும் பனிதான். சிக்கிமில் நாதுலா கணவாய்க்குச் செல்லும் சாலையோரம் 2023 ஏப்ரல் 4 அன்று ஏழு சுற்றுலாப் பயணிகளைப் பனிச்சரிவு கொன்றது நண்பகலில்.

குளிர்காலத்தில் புதுப்பனியின் பாரம்தான் பெரிய ஆபத்து. வசந்தத்தில் அதோடு வெயிலும் சேர்கிறது. பகலில் உருகிய நீர் பனிக்குள் இறங்கி, துகள்களின் பிடியைத் தளர்த்திவிடும். இரவு உறைந்தால் மேலே பொருக்குத் தட்டி, காலையில் சிமென்ட் தரை போல ஆளைத் தாங்கும். வெயில் ஏற ஏற அதே பனி ஜவ்வரிசிக் கஞ்சியாகும். ஈரப்பனி மெதுவாகத்தான் சரியும், ஆனால் கனம் அதிகம், நின்றதும் இறுகிவிடும். உள்ளே சிக்கியவர் கையைக்கூட அசைக்க முடியாது.

ஆகவே நாள்காட்டியை விட முந்தைய இரவைப் பாருங்கள். நட்சத்திரம் தெரிந்த இரவென்றால் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டு நன்றாக உறைந்திருக்கும். மேகம் மூடிய இரவு கம்பளி போர்த்தியது மாதிரி, பனி உறையாது. அப்படி விடிந்தால் முகாமிலேயே பராத்தா சாப்பிட்டுக்கொண்டிருங்கள். இரவில் மழை பெய்திருந்தாலும் அப்படியே.

உறைந்த இரவென்றால் நான்கு மணிக்கே தலைவிளக்கோடு நடக்கத் தொடங்குங்கள். பத்து மணிக்குள் சரிவுகளின் அடிவாரத்தைத் தாண்டித் திரும்பியிருக்க வேண்டும். காலை வெயில் படும் கிழக்குச் சரிவுகள் முதலில் இளகும், பிறகு தெற்கு, பிற்பகலில் மேற்கு. சரிவிலிருந்து சிறு பனி உருண்டைகள் தானே உருண்டு வந்தாலோ, கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தாலோ கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். திரும்புங்கள்.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகின்றன, போனிலேயே அளக்கலாம். நீங்கள் நடக்கும் இடம் சமதரையாக இருக்கலாம், தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. முகட்டில் இறவாரம் போல நீட்டிக்கொண்டிருக்கும் பனிக்குக் கீழே உட்கார்ந்து படம் எடுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடை மேல் மூடிய பனிப்பாலமும் பகலில் உள்ளிருந்து கரையும்.

புதுப்பனி விழுந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. ஓரிரு நாள் பொறுங்கள். மேற்கிலிருந்து வந்து மழையும் பனியும் கொட்டும் 'மேற்கத்திய இடையூறுகள்' இமாச்சலுக்கு ஏப்ரலிலும் வரும். சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறையின் டிஜிஆர்இ நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். ஆளுக்கொரு பனிச்சரிவு டிரான்சீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), துழாவும் கம்பி, மண்வாரி வேண்டும். புதைந்தவரைக் காப்பாற்ற வாய்ப்பு பெரும்பாலும் முதல் 15 நிமிடங்களில்தான். கீழிருந்து மீட்புக்குழு வந்து சேர அது போதாது.

முன்பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேளுங்கள்: "இரவு பனி உறையாவிட்டால் பயணத்தை நிறுத்துவீர்களா, பணம் திரும்ப வருமா?" மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள், அல்லது ஜூனில் போங்கள்.