சீனப் பண்டிகைகளைப் பற்றி மாண்டரினில் பேச, சொற்களை எப்படிக் கற்பது?

பண்டிகைப் பெயர்களை மனப்பாடம் செய்தும் ஒரு வாக்கியம்கூட அமைக்க வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர்களுக்கு முன் வினைச்சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ‘குவோ’ என்றால் கடத்தல், கழித்தல். ‘நியன்’ என்றால் ஆண்டு. இரண்டும் சேர்ந்த ‘குவோ நியன்’ புத்தாண்டு கொண்டாடுவதைக் குறிக்கும். அதே ‘குவோ’வை, சந்திர நாட்காட்டியின் 8ஆம் மாதம் 15ஆம் நாளில் வரும் ‘ஜோங் சியூ ஜியே’ என்ற நடு இலையுதிர்காலப் பண்டிகையின் பெயருக்கு முன் வைத்தாலும் வாக்கியம் அமைந்துவிடும். புத்தாண்டு வாழ்த்துச் சொல்வது ‘பாய் நியன்’; பணம் வைத்துக் கொடுக்கும் சிவப்பு உறை ‘ஹோங் பாவ்’.

புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமாக உண்ணும் ‘நியன் யே ஃபான்’ விருந்து ஒரு தனிப் பாடம். மீனுக்கு ‘யூ’ என்று பெயர்; மிகுதி என்ற பொருள் தரும் வேறொரு சொல்லும் அதே ஏறுதொனியில், அதாவது குரல் மேலேறும் உச்சரிப்பில், ‘யூ’ என்றே ஒலிக்கிறது. ஆகவே ‘நியன் நியன் யோவ் யூ’, அதாவது ஆண்டுதோறும் மிகுதி உண்டாகட்டும் என்று வாழ்த்துகிறார்கள். பல வீடுகளில் மீனைச் சிறிது மீதம் வைப்பதும் இதனால்தான். நற்பேற்றைக் குறிக்கும் ‘ஃபூ’ எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டும் வழக்கத்திலும், தலைகீழாதல், வந்துசேர்தல் ஆகிய இரண்டுக்கும் இறங்குதொனியில் ‘தாவ்’ என்றே ஒலி வருவதைக் கவனியுங்கள். இந்த ஒலிப்பொருத்தம் கண்ணால் படித்தால் பிடிபடாது என்பதால், ஒவ்வொரு சொல்லையும் அதன் தொனியோடு உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.