பி.பி. மாத்திரை சாப்பிடுவதை பாலிசி படிவத்தில் எழுதலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறேன். கம்பெனி தரும் 5 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸ் போக, குடும்பத்துக்குத் தனியாக 10 லட்சத்துக்கு ஒரு ஃப்ளோட்டர் பாலிசி (மொத்தக் குடும்பத்துக்கும் பொதுவான ஒரே மருத்துவ பாலிசி) எடுக்கப் போகிறேன். போன வருடம் ஆபீஸ் செக்கப்பில் பி.பி. 152/96 வந்தது. தினமும் டெல்மிசார்டன் 40 சாப்பிடுகிறேன், இப்போது 126/82. “நார்மல்தானே, எழுத வேண்டாம். அஞ்சு வருஷம் ஓடிட்டா யாரும் கேட்க முடியாது” என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யட்டும் சார்?

பதில்: எழுதுங்கள். மாத்திரையின் பெயர், அளவு, எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்பது வரை எழுதுங்கள்.

பி.பி. என்று எழுதினால் பாலிசியே கிடைக்காது என்ற பயம்தான் பலரையும் மறைக்க வைக்கிறது. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 21 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். மாத்திரையால் கட்டுக்குள் வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. அதாவது, 126/82 என்றாலும் நீங்களும் இதில் ஒருவர்தான். நாலில் ஒரு ஆணுக்கு இருப்பதை எல்லாம் ஒதுக்கினால் கம்பெனிகள் யாருக்கு பாலிசி விற்கும்? கட்டுக்குள் இருக்கும் பி.பி.க்குப் பெரும்பாலும் பாலிசி தருகிறார்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். சயானில் ஒரு அம்மா, கணவருக்கு நெஞ்சுவலி என்று ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடினார். “பி.பி., சுகர் ஏதாவது உண்டா?” என்று டியூட்டி டாக்டர் கேட்க, “ஆறு வருஷமா பி.பி. மாத்திரை சாப்பிடுறார்” என்று உள்ளதைச் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாவது வரியில் அது ஏறிவிட்டது. பாலிசிக்கோ வயது இரண்டு வருடம். படிவத்தில் ‘இல்லை’ என்று டிக். கிளெய்மும் போனது, பாலிசியும் ரத்தானது. ஸ்டென்ட் செலவுக்கு நகை அடகுக்குப் போனது. அந்தப் படிவத்தை நிரப்பியதும் ஒரு ஏஜென்ட்தான்.

உங்கள் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. 60 மாதம் தொடர்ந்து பாலிசி ஓடினால், தகவலை மறைத்ததாகச் சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபித்தால் அப்போதும் மறுக்கலாம். தெரிந்தே மறைத்ததை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? நடுவே அந்த அஞ்சு வருஷமும் பயந்துகொண்டே ஓட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரலில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதன் உச்சவரம்பை 48 மாதத்திலிருந்து 36 மாதமாகக் குறைத்தது. அதுவரை பி.பி. சம்பந்தப்பட்ட சிகிச்சைக்குப் பணம் வராது. விபத்துக்கு முதல் நாளிலிருந்தும், டெங்கு மாதிரி நோய்களுக்கு 30 நாள் கழித்தும் வரும். அந்த மூன்று வருடத்துக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும்; அதில் பி.பி.க்குக் காத்திருப்பு உண்டா என்று எச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். வேலை மாறினால் அது போய்விடும், அதனால் தனி பாலிசியைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், ஃப்ளோட்டர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது.

படிவத்தை நீங்களே நிரப்புங்கள். பாலிசி கைக்கு வந்ததும் அதோடு வரும் படிவ நகலில் பி.பி. பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இமெயில் போடுங்கள். திருத்த மறுத்தால், 30 நாள் ஃப்ரீ லுக் காலத்துக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.